நான் இல்லாத வெள்ளிக்கிழமை

எங்கள் ரத்த வங்கியில் எந்தப் பக்கம் திறந்தாலும் அது என் கை பட்டுத்தான் திறக்க வேண்டும் என்று ஆறு வருடம் பார்த்துக்கொண்டவள் நான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன், பிடிக்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம்.

பக்கம் என்றால் கம்ப்யூட்டரில் பார்க்கிற பக்கம். இன்று எந்த வகை ரத்தம் எத்தனை பை இருக்கிறது என்று மருத்துவமனைகள் பார்ப்பது ஒன்று. கொடையாளர்கள் பெயர் பதிவது ஒன்று. முகாம் வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டுவது ஒன்று. இப்படி மொத்தம் ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சின்ன ப்ரோகிராம், கன்டெய்னர் என்கிற தனித்தனி மென்பொருள் பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த ஒன்பதும் கண்ணில் படாது. முன்னால் ஒரே ஒரு ப்ராக்ஸி நிற்கும். வருகிறவர் எந்தப் பெயரைக் கேட்கிறார் என்று பார்த்து, உள்ளே உரிய இடத்துக்கு அனுப்பும். எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்பது ஒரு ஃபைலில் இருந்தது. நாற்பத்தேழு வரி. அத்தனையும் நான் கையால் அடித்தது.

இதற்கென்று நான் படித்து வந்தவள் இல்லை. இதே கட்டடத்தின் முன்கூடத்தில் ஒன்பது வருடம் ஃபோன் எடுத்தேன். "லேப்பா? ஒரு நிமிஷம் இருங்க" என்று இணைத்துக் கொடுப்பது வேலை. பிறகு ஃபோனே தானாக இணைக்கக் கற்றுக்கொண்டது. என்னை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாருக்கும் புரியவில்லை. சர்வர் அறைச் சாவியை வைத்திருக்க ஓர் ஆள் வேண்டும் என்று அங்கே உட்கார வைத்தார்கள். சாவியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார எனக்கு வருமா? என்ன ஓடுகிறது, ஏன் ஓடுகிறது என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் துளைத்தெடுத்தேன். ப்ராக்ஸி என்றால் என்ன என்று புரிந்த அன்று வாய்விட்டுச் சிரித்தேன். அட, இது நான் பார்த்த வேலைதானே!

ஒரே ஒரு தொல்லை. ஒரு கன்டெய்னரை நிறுத்தி மறுபடி ஓட விட்டால் அதன் உள்முகவரி மாறிவிடும். ஒவ்வொரு முறையும் நான் போய் அந்த வரியைத் திருத்த வேண்டும். பாஸ்வேர்டு என்னிடம் மட்டும்தான். மற்றவர்கள் கேட்காமல் இல்லை. எங்கள் ப்ரோகிராமர் மூன்று முறை கேட்டாள். இரண்டு பிள்ளைக்குத் தாய், மூளை மின்னல், ஆனால் சரியான அவசரக்குடுக்கை. அந்தப் பெயரே அவளுக்கு நிலைத்துவிட்டது. நாலு நாள் வேலையை ஒரே நாளில் முடிப்பாள், எங்கேயாவது ஒரு முற்றுப்புள்ளியை விழுங்கியிருப்பாள்.

"உன்கிட்ட கொடுத்தா ஒரே நாள்ல எல்லாத்தையும் கவுத்துடுவ. போடி," என்று விரட்டிவிட்டேன்.

அதனால் எல்லோரும் என்னையே கூப்பிட்டார்கள். பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தபோது கூப்பிட்டார்கள். என் தங்கை கல்யாணத்தில் ஃபோட்டோவுக்கு நின்றபோது கூப்பிட்டார்கள். அந்த ஃபோட்டோவில் எல்லோரும் கேமராவைப் பார்க்க, நான் மட்டும் காதில் ஃபோனோடு முறைத்துக்கொண்டிருக்கிறேன். வெளியே சலித்துக்கொள்வேனே தவிர, உள்ளுக்குள் எனக்குக் குளுகுளுவென்று இருக்கும். நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு ஆகாது பார் என்று.

அந்த நினைப்புக்கு ஆப்பு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.

மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். கணக்கு டீச்சர் என் மகளைப் பற்றி மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தார். ஃபோன் பையில், சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து அவசரக்குடுக்கை இருப்பு ப்ரோகிராமில் எதையோ திருத்தி, அதை நிறுத்தி ஓட விட்டிருக்கிறாள். கையோடு முகாம் வண்டி ப்ரோகிராமையும். இருப்புக்குப் புது முகவரி. அதன் பழைய முகவரி போய் உட்கார்ந்தது வண்டி ப்ரோகிராமிடம். என் ஃபைலுக்கு இதெல்லாம் தெரியாது அல்லவா? "ஓ நெகட்டிவ் எத்தனை பை இருக்கு?" என்று பார்த்த ஒரு நர்ஸுக்கு, "பேருந்து நிலையம் அருகில், பெட்ரோல் போடுகிறது" என்று பதில் காட்டியிருக்கிறது.

நாற்பது நிமிடம் இந்தக் கூத்து. ஆய்வகத்தில் இருந்தவர்கள் குளிர்பெட்டியைத் திறந்து, பைகளை எண்ணி, ஃபோனில் சொல்லிச் சமாளித்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகியிருந்தால் என்னால் இன்று இப்படி உட்கார்ந்து கதை சொல்ல முடியாது.

பெரிய டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் ரத்த வங்கியின் தலைவி. அந்த அம்மா கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டார், தாழ்த்துவார். அன்று அவர் பேசியதைக் கேட்க நான் முன்னால் சாய வேண்டியிருந்தது.

"டாக்டர், ஃபோன் சைலன்ட்ல இருந்தது..."

"உன் ஃபோனைப் பத்தி நான் கேக்கலம்மா. உன் ஃபோன் பேசலன்னா என் ரத்த வங்கி பேசமாட்டேங்குது. அதைத்தான் கேக்கறேன். அந்தப் பொண்ணு பக்கத்துலயே இருந்தும் ஏன் ஒண்ணும் பண்ண முடியல?"

"பாஸ்வேர்டு... என்கிட்டதான் இருக்கு."

"யார் கேட்டும் குடுக்கலியாமே."

வெளியே ஒரு கம்பெனி இருக்கிறது, சர்வர் வேலை மொத்தத்தையும் அவர்களிடம் விட்டுவிடப் போகிறேன் என்றார். நான் பயப்பட வேண்டாமாம், வேலை போகாதாம், சம்பளமும் குறையாதாம். பழையபடி முன்கூடத்தில் உட்காரலாமாம்.

வேலை போகும் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. முன்கூடம்! கொடையாளருக்கு பிஸ்கட் பாக்கெட் எடுத்துக் கொடுத்துக்கொண்டு, யாரோ ஒருவன் என் சர்வர் அறைக்குள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு! ஆனால் அழுகை வருவதற்குள் கோபம் முந்திக்கொண்டது. அது என் நல்ல காலம்.

"மூணு வாரம் குடுங்க டாக்டர். நான் இல்லாமயே ஓடற மாதிரி பண்ணிக் காட்டறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "சரி. மூணாவது வெள்ளிக்கிழமை, காலைல. நீ கட்டடத்துக்குள்ள இருக்கக் கூடாது. உன் ஃபோன் என் டிராயர்ல இருக்கும். அந்தப் பொண்ணு ஒரு புது ப்ரோகிராமை ஏத்துவா. நீ கை வைக்காம அது வெளிய தெரிஞ்சா, சர்வர் ரூம் உன்னுது. தெரியலன்னா அன்னைக்கே கம்பெனிக்காரங்களுக்குக் கையெழுத்து."

எழுந்து வந்த பிறகுதான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது உறைத்தது. நான் தேவையில்லை என்று நானே நிரூபித்தால்தான் என் இடம் எனக்கு. இப்படி ஒரு பரீட்சை உலகத்தில் வேறு யாருக்காவது வைத்திருப்பார்களா?

ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினேன். முகவரியை எழுதி வைக்கிற வேலையையே ஒழித்துக்கட்ட வேண்டும். அதற்கென்று ப்ராக்ஸிகள் இருக்கின்றன. கன்டெய்னர்களை ஓட்டுகிற இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒன்று எழுந்தால் அந்த நொடியே தெரியும், படுத்தால் அதுவும் தெரியும். ஒவ்வொரு கன்டெய்னரின் மேலும் ஒரு லேபிள் ஒட்டியிருக்க வேண்டும். "இருப்பு என்று கேட்டு வருகிறவரை என்னிடம் அனுப்பு" என்று அந்த லேபிள் சொல்லும். முகவரி என்னவாக மாறினால் என்ன, கன்டெய்னரே வந்து தன் பெயரைச் சொல்லிக்கொள்ளும்.

எங்களிடம் ஒத்திகைக்கென்று தனியாக ஒரு சர்வர் உண்டு. முதல் நாள் அதில் ஓட்டிப் பார்த்தபோது வாயைப் பிளந்தேன். ஒரு வரி எழுதாமல், ஓட விட்டதும் பக்கம் கண் முன்னால் நிற்கிறது. துள்ளிக் குதிக்காத குறை. அப்புறம்தான் எண்ணிப் பார்த்தேன். ஒன்பது கதவு இருக்க வேண்டிய இடத்தில் பதினாலு. அந்தப் புண்ணியவான் ப்ராக்ஸி, ஓடுகிற எல்லாவற்றுக்கும் கதவு திறந்து வைத்திருக்கிறான்! பரிசோதனைக்காக ஓட்டிய அரைகுறைப் பிரதிகள், கொடையாளர் விவரங்களை அடுக்கி வைத்திருக்கிற டேட்டாபேஸைப் பார்க்கும் பக்கம், எல்லாம் வாசலில். சொல்லாமல் விட்டால் எல்லாவற்றையும் திறப்பதுதான் அதன் சுபாவமாம். அதைத் திருப்பிப் போட்டேன். திற என்று லேபிளில் எழுதியிருந்தால் மட்டும் திற, இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டிரு.

இரண்டாம் வாரம் ஒன்பதையும் ஒவ்வொன்றாக மாற்றினேன். கடைசி நாள் பழைய ஃபைலைத் திறந்து நாற்பத்தேழு வரியையும் ஒரு முறை படித்தேன். ஒவ்வொரு வரியும் எந்த நாளில், யார் திட்டி, எப்படி எழுதியது என்று எனக்கு ஞாபகம் இருந்தது. அழித்துவிட்டு, அவசரக்குடுக்கையைக் கூப்பிட்டு பாஸ்வேர்டைச் சொன்னேன்.

"அக்கா, உடம்பு ஏதாவது சரியில்லையா?" என்றாள்.

"எழுதிக்கோடி, மனசு மாறறதுக்குள்ள."

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால், மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் ஓடி வந்தாள்.

"அக்கா, ஒத்திகை சர்வர்ல பேய்!"

போய்ப் பார்த்தேன். இருப்புப் பக்கத்தில் பன்னிரண்டு பை காட்டியது. புதுப்பித்தால் வெறும் கட்டங்கள், ஒன்றுமே இல்லை. மறுபடி புதுப்பித்தால் பன்னிரண்டு. மறுபடி, சூனியம். ஒன்று விட்டு ஒன்று.

பேயுமில்லை பிசாசுமில்லை. புதுசாக எழுத ஆரம்பித்த ப்ரோகிராமுக்கு இவள் இருப்பின் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்திருக்கிறாள். உள்ளே எல்லாவற்றையும் மாற்றிவிட்டு லேபிளை மட்டும் மறந்துவிட்டாள். இப்போது இரண்டு கன்டெய்னர்கள் "நான்தான் இருப்பு" என்று நிற்கின்றன. ப்ராக்ஸிக்கு என்ன தெரியும்? ஒரே வேலைக்கு இரண்டு ஆள் வந்திருக்கிறார்கள் போல என்று, இவருக்கு ஒன்று அவருக்கு ஒன்று என்று பங்கு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. நிஜ சர்வரில் இது நடந்திருந்தால், பாதிப் பேருக்கு ரத்தம் இருக்கிறது, பாதிப் பேருக்கு இல்லை.

என் வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "இதுக்குத்தான் நான் யார் கையிலயும் குடுக்கல," என்று சொல்லிவிட்டு, பாஸ்வேர்டை மாற்றுவதற்குக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தும்விட்டேன். கை விசைப்பலகை மேல் இருந்தது. மாற்றினால் என்ன ஆகும்? இனி ஒவ்வொரு லேபிளையும் நானே உட்கார்ந்து சரிபார்ப்பேன். நாற்பத்தேழு வரியை அழித்துவிட்டு அந்த இடத்தில் நானே போய் உட்கார்ந்துகொள்வேன். அப்புறம் நான் எதற்கு டாக்டரிடம் அப்படி வீறாப்புப் பேசினேன்?

கையை எடுத்தேன். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டு பேருமாக ஒரு சின்னக் காவல் ப்ரோகிராம் எழுதினோம். எந்த ப்ரோகிராமை ஓட விட்டாலும் முதலில் அதன் லேபிளைப் பார்க்கும். அதே பெயரை வேறு ஒரு ப்ரோகிராம் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தால், புதுசை வாசலிலேயே நிறுத்திவிட்டு ஏன் நிறுத்தினேன் என்று திரையில் சொல்லும். அந்தச் செய்தியை நான்தான் எழுதினேன், நான் பேசுகிற மாதிரியே. "பிழை எண் 4" என்று போட்டால் எவள் படிக்கிறாள்? திட்டினால் படிப்பாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஃபோனை டாக்டரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். என் வீட்டுக்காரர் முகாம் வண்டியின் ஓட்டுநர். பின்வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் ஏறி, கொடையாளர்கள் படுக்கிற கட்டிலில் உட்கார்ந்தேன்.

"ரத்தம் குடுக்கப் போறியா? முகத்தைப் பாத்தா ஒரு சொட்டு இருக்கற மாதிரி தெரியல," என்றார்.

"சும்மா இருங்க. நானே வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. யாரும் வரவில்லை. பாக்கெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், ஃபோன் இல்லை. அவரிடம் துணியை வாங்கி வண்டிக் கண்ணாடியைத் துடைத்தேன், ஏற்கெனவே துடைத்ததையே. பதினொன்றரைக்கு, கையில் பையோடு டை கட்டிய ஒருவர் காரிலிருந்து இறங்கி உள்ளே போனார். கம்பெனிக்காரர். ஒப்பந்தம் அந்தப் பையில்தான் இருக்கும். கையெழுத்து வாங்கத்தான் வந்திருக்கிறார், எல்லாம் போச்சு என்று முடிவு கட்டினேன்.

"இன்னும் ஒருத்தரும் வந்து சொல்லலியே," என்றார் வீட்டுக்காரர்.

பன்னிரண்டுக்கு என்னால் முடியவில்லை. கட்டடத்துக்குள் இருக்கக் கூடாது என்றது ஞாபகம் இருந்தது. ஆனாலும் கால் கேட்கவில்லை. விறுவிறுவென்று போய் சர்வர் அறை வாசலில், கதவோரமாக நின்றேன். டாக்டர், அவசரக்குடுக்கை, டை கட்டியவர் மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் என்னை யாரும் கவனிக்கவில்லை. டை கட்டியவர் வந்து சேரத் தாமதமானதால் அப்போதுதான் ஆரம்பித்திருக்கிறார்கள்.

திரையைப் பார்த்து பெரிய டாக்டர் நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"'நில்லுடி! இருப்புங்கற பேரு ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கற ப்ரோகிராமோடது. ஃபோல்டரை நகலெடுத்தியா? பன்னெண்டாவது வரியைப் பாரு. பேரை மாத்திட்டு மறுபடி ஓட்டு. பயப்படாதே, எதுவும் கெட்டுப்போகல.'" அவர் நிமிர்ந்தார். "நில்லுடியா?"

எனக்கு மானம் போனது. அதைவிட, உயிரே போனது. பாவி, மறுபடியும் நகலெடுத்து அதே தப்பைச் செய்திருக்கிறாள்! இன்றைக்கா!

"பாத்தீங்களா டாக்டர்?" என்றார் டை கட்டியவர். "தானா வரல. நின்னுடுச்சு. நான் சொன்னது இதைத்தான்."

நான் உள்ளே பாய்ந்து கீபோர்டைப் பிடுங்கியிருப்பேன். ஒரு எட்டு வைத்தும்விட்டேன். கதவு நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றது, என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலைகளில் ஒன்று. என் கை விரல் வலித்தது.

அவசரக்குடுக்கை யாரையும் பார்க்கவில்லை. "ஐயோ, ஆமாம்ல," என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டாள். பன்னிரண்டாவது வரியைத் திறந்தாள். ஒரு சொல்லை மாற்றினாள். வழக்கத்துக்கு மாறாக, மெதுவாக ஒரு முறை படித்தும் பார்த்தாள். ஓட விட்டாள்.

புதுப் பக்கம் வந்து நின்றது. பெயர் 'காலாவதி'. பிளேட்லெட் எனப்படும் தட்டணுப் பைகள் ஐந்தே நாள்தான் தாங்கும் என்பதால் எது எப்போது கெடும் என்று காட்ட டாக்டர் கேட்டிருந்த ப்ரோகிராம். மொத்தம் ஏழு பை. அதில் இரண்டு நாளையோடு முடிகிறது என்று சிவப்பில் காட்டியது.

டாக்டர் அதைப் பார்த்தார். பரீட்சை, ஒப்பந்தம், டை எல்லாம் அவருக்கு மறந்துபோனது. மேஜை ஃபோனை எடுத்து, "புற்றுநோய் வார்டா? தட்டணு ரெண்டு பை நாளைக்கு வீணாப் போயிடும், உங்களுக்கு இன்னைக்குத் தேவை இருக்கா? இருக்கா? சரி, ஆளை அனுப்புங்க," என்று பேசி முடித்தார்.

"ஆனாலும் டாக்டர்," என்று டை கட்டியவர் விடவில்லை, "ஒரு ஆள் கை வைக்க வேண்டியதாப் போச்சே."

"வெச்சது யாரு?"

"இவங்கதான்."

"வெளிய அனுப்பி வெச்சவ இல்லையே?" என்றார் டாக்டர். குரல் தாழ்ந்திருந்தது. "தப்பு எல்லாரும் பண்ணுவாங்க சார். தப்பு பண்ணவளே ஒரு நிமிஷத்துல சரி பண்ணிக்கிட்டா. பக்கத்துல நின்ன மாதிரி திட்டி சரி பண்ண வெச்சதும் அந்த வெளிய இருக்கறவதான், உள்ளயே வராம. உங்க ஒப்பந்தத்துல ஒரு தப்பைச் சரி பண்ண நாலு மணி நேரம்னு போட்டிருக்கீங்க. நான் படிச்சுட்டுத்தான் உக்காந்திருக்கேன்."

டை கட்டியவர் பையின் ஜிப்பை மூடினார். அப்போதுதான் டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீ எங்கம்மா இங்க?"

"இல்ல டாக்டர்... ரொம்ப நேரமாச்சேன்னு..."

"உன்னை யாராவது கூப்பிட்டாங்களா?"

"இல்ல டாக்டர்."

"அப்புறம் என்ன? திங்கக்கிழமை லீவு எடுத்துக்கோ. ஃபோன் எடுக்காம ஒரு நாள் இருந்து பாரு." பிறகு கொஞ்சம் யோசித்து, "அந்த 'நில்லுடி'யை மாத்தாதே. நல்லாத்தான் இருக்கு," என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நடந்தேனா ஓடினேனா தெரியாது. பதினைந்து வருடம் இந்தக் கட்டடத்தில் என் பெருமையெல்லாம் யாராவது என்னைக் கூப்பிடுவதில்தான் இருந்தது. அதைவிடப் பெரிய பெருமை ஒன்று இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நெஞ்சு கொள்ளாமல் பின்வாசலுக்கு வந்தேன். வீட்டுக்காரர் ஈரத்துணியோடு எழுந்து நின்றார்.

"என்னம்மா ஆச்சு?"

"என்னைக் கூப்பிடவே இல்லைங்க!" என்று அந்த இடமே அதிரக் கத்தினேன். "ஒருத்தர்கூட, ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடல! நான் இல்லாமயே நடந்துடுச்சு!"

பாவம் மனுஷன், முகம் வாடிப்போய் துணியைக் கீழே போட்டார். பக்கத்தில் வந்து என் தோளில் கை வைத்து, "விடும்மா, அவங்க கெடக்கறாங்க," என்று ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.